குரல்வளை இல்லாத குருவானவர்

பன்னிரண்டாம் தலத்தில்தான் ஃபாதரின் குரல் முதன்முதலாக நின்றது. அன்று பெரிய வெள்ளிக்கிழமை. நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக் கோயிலில் தொடங்கும் சிலுவைப்பாதை, தேயிலை மலையைச் சுற்றி ஏறும் ரோட்டு வழியே உச்சிப் பாறைவரை போகும். வழி நெடுக, தலத்துக்கு ஒன்றாக மரச்சிலுவைகள் நட்டிருப்போம். ஒவ்வொன்றின் முன்னும் நின்று ஆண்டவர் பட்ட பாட்டைச் சொல்லி, செபித்து, பாடி மேலே நகர்வோம். ஃபாதர் ஒலிபெருக்கி வைத்துக்கொள்ள மாட்டார். அதற்குத் தேவையும் இருக்கவில்லை. முன்னால் நிற்பவருக்குக் கேட்பதுபோலவே, வளைவுக்குக் கீழே கைக்குழந்தையோடு பின்தங்கி வருகிறவளுக்கும் அவர் குரல் கேட்கும். பன்னிரண்டாம் தலம் ஆண்டவர் உயிர்விடும் இடம். எல்லோரும் ஈரப் புல்லில் முழந்தாளிட்டோம். ஃபாதர் வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றார், பழந்துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம் எழுந்து அதுவும் அறுந்துபோனது. அவர் அழுகிறார் என்று நினைத்துச் சிலர் அழத் தொடங்கினார்கள். செபப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்ற நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அழுகை இல்லை. நேற்றுவரை தேயிலைச் செடியை ஒழுங்காக வெட்டிய கவ்வாத்துக் கத்தி இன்றைக்கு ஏன் வெட்டவில்லை என்று ஒரு தொழிலாளி பார்ப்பானே, அப்படித் தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபாதர் பூண்டுலோயாப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அப்பா கவ்வாத்து வெட்டினார். அம்மா கொழுந்து எடுத்தார். குருமடத்தில் உடன் படித்த யாழ்ப்பாணத்து, மன்னார்ப் பிள்ளைகள் தன் தோட்டப் பேச்சைக் கேட்டுச் சிரித்ததை வேடிக்கையாகச் சொல்வார். "பேச்ச மாத்திக்கல டீச்சர். சத்தத்த மட்டும் கூட்டிக்கிட்டேன்" என்பார். அது உண்மைதான். மோட்டார் சைக்கிளை ரோட்டில் நிறுத்திவிட்டு, எதிர்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைப் பூசை நேரத்தை அங்கிருந்தே கூவிச் சொல்வார். அவர்களும் அங்கிருந்தே "சரிங்க ஃபாதர்" என்பார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவின் கூரை ஒழுகியபோது, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா வாசலில் நின்று அவர் கேட்ட கேள்விகள் தொழிற்சாலைவரை கேட்டதாகச் சொல்வார்கள். ஒரு குருவானவரின் தொழில் வாயால் செய்கிற தொழில் என்பது அவருடைய எண்ணம். "கையால செய்ய ஊருல ஆளு இருக்காங்க. வாயால செய்யத்தான் என்னய அனுப்பியிருக்காங்க."

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வேதவாசகம் வாசிப்பேன். வாசித்து முடித்து இடத்தில் வந்து உட்கார்ந்ததும் அவருடைய பிரசங்கத்துக்காகக் காத்திருப்பேன். கிறிஸ்மஸுக்கு முந்திய ஒவ்வொரு திருவருகைக் காலத்திலும் அவர் சொல்லும் ஒரு கருத்து உண்டு. திருமுழுக்கு யோவான் ஒரு குரல், ஆண்டவரோ வார்த்தை. குரல் முன்னால் ஓடி வந்து கதவைத் தட்டிவிட்டு அடங்கிப்போகும், வார்த்தை உள்ளே வந்து தங்கும் என்பார். மலை அதிரும் சத்தத்தில் அவர் அதைச் சொல்லும்போது, அடங்கிப்போவதைப் பற்றி இந்த மனிதருக்கு என்ன தெரியும் என்று எனக்குச் சிரிப்பு வரும்.

சளி என்றார்கள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். உயிர்த்த ஞாயிறு போய், மழைக்காலமும் வந்தது. கரகரப்பு மட்டும் போகவில்லை. கடைசியில் கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குரல்வளையில் புற்று என்றார்கள். முதலில் செய்த வைத்தியத்துக்கு அது அடங்கவில்லை. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் உயிர் தப்பும் என்றார் டாக்டர். ஒப்பரேஷனுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் அந்தக் கரகரத்த குரலிலேயே பூசை முழுவதையும் பாடினார். பேசினாலே வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நற்கருணை கொடுத்து முடித்தபின் பீடத்தின் முன்னால் வந்து நின்றார். "நான் திரும்பி வருவேன். எப்பிடி வருவேன்னு தெரியாது. ஆனா வருவேன்" என்றார். பிறந்த நாளிலிருந்து அவரோடிருந்த குரலில் நாங்கள் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

சொன்னபடி வந்தார். கழுத்தின் அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துவாரம். அதன்மேல் பின்னல் துணி ஒன்று தொங்கியது. மூச்சு இனி அந்த வழியாகத்தான். மூக்கும் வாயும் மூச்சுக்கு உதவாமல் போனால் மனிதனிடமிருந்து என்னவெல்லாம் போய்விடும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அவரால் சுடு தேத்தண்ணியை ஊதி ஆற்ற முடியவில்லை. மெழுகுதிரியை ஊதி அணைக்க முடியவில்லை. சிரித்தால் தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. தொழிற்சாலையில் கொழுந்து வாடும் வாசனை, மழைக்குப் பிந்திய மண் வாசனை, தூபத்தின் வாசனை எதுவும் அவரை எட்டவில்லை. "தூபம் போட்டா இப்ப எனக்குப் பொகை மட்டுந்தான்" என்று கைத்தொலைபேசியில் எழுதிக் காட்டினார். எங்கள் மலையின் பனிமூட்டம் வடிகட்ட ஒன்றுமில்லாமல் நேரே நெஞ்சுக்குள் இறங்கியதால் காலையும் மாலையும் இருமினார். அவருக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் திருமுழுக்கு யோவானின் தகப்பன் செக்கரியாவைத்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆலயத்தில் தூபம் காட்டப் போய்ப் பேச்சிழந்து வெளியே வந்த அந்தக் குரு, பிள்ளை பிறந்து பெயர் வைக்கும் நாளில் வாய் திறந்து பேசினாரே, அதுபோல உங்களுக்கும் வரும் என்றார்கள். ஃபாதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் மட்டும் எழுதிக் காட்டினார்: "அவருக்குத் தானா வந்துச்சு. எனக்குப் படிச்சாத்தான் வரும்."

ஆனால் படிக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வர நாள் பிடித்தது. ஆஸ்பத்திரியில், கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். தையல் மெஷின் ஓடுவதுபோல் ஒரே சுருதியில் பேசும். கடைக்கும் தபால் கந்தோருக்கும் அதைக் கொண்டுபோவார். பீடத்துக்குக் கொண்டுவர மனமில்லை. பக்கத்துப் பங்கிலிருந்து ஒரு குருவானவர் வந்து ஞாயிற்றுப் பூசை சொல்ல, இவர் பக்கத்தில் உதடுகளை அசைத்தபடி நிற்பார். பிரசங்கத்தை மட்டும் தானே கொடுக்க வேண்டும் என்று தொலைபேசியில் எழுதி, எழுதியதை அதுவே வாசிக்கும்படி செய்தார். மைக் முன்னால் தொலைபேசியை வைத்தார். நல்ல இனிமையான இந்தியப் பெண் குரல் ஒன்று, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல், "அன்பான சகோதரரே, நான் ஒரு பாவி" என்று தொடங்கியது. கோயில் முழுவதும் சிரித்தது. ஃபாதரின் தோள்களும் குலுங்கின. அத்தோடு அந்த ஏற்பாடு முடிந்தது.

அடுத்த ஞாயிறு முதல் அவர் எழுதிய பிரசங்கத்தை நான் வாசித்தேன். "மோசேக்குத் திக்குவாய். அவருக்காக ஆரோன் பேசினாரு. எனக்கு டீச்சர்" என்று எழுதிக் காட்டியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சில மாதம் நன்றாகவே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, படிக்கிற பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் அனுப்பும் பெற்றோரைப் பற்றி எழுதியிருந்தார். அந்தப் பெற்றோரில் பலர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு சொல்லும் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பீடத்து மணி அடித்தது. திரும்பிப் பார்த்தால் ஃபாதர்தான். கையை மேலே மேலே உயர்த்தி, இன்னும் சத்தமாக என்று காட்டினார். நான் உயர்த்தி வாசித்தேன். மறுபடியும் மணி. இன்னும் உயர்த்தினேன். என் குரல் கீச்சிட்டதே தவிர அவர் கேட்டது வரவில்லை. பூசை முடிந்ததும் தான் தங்கும் மிஷன் வீட்டில் என்னை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு தொலைபேசியை நீட்டினார். "உங்கமேல பிழை இல்ல. என் கோவத்த உங்களால பேச முடியாது. அன்பையும்தான். அது ரெண்டும் என் வாயிலேயே வரணும்."

அந்த வாரத்திலேயே ஆயர் வந்தார். சிங்களவரான அவர், தமிழைக் கற்று, அளந்து அளந்து பேசுவார். முதிய குருக்கள் தங்கும் இல்லத்தில் ஓர் அறை இருப்பதாகவும், குளிர் குறைந்த இடம் உடம்புக்கு நல்லது என்றும் சொன்னார். பங்குச்சபைத் தலைவரும் அங்கிருந்தார். தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் கிளாக்கரையா. ஃபாதர் முன்னிலையிலேயே மனதில் உள்ளதை ஆயரிடம் சொன்னார். "ஃபாதர் மேல எங்களுக்கு மரியாதை இருக்குங்க ஆண்டவரே. ஆனா பேசுற ஒரு குருவானவர் எங்களுக்கு வேணும். டீச்சர் வாசிக்கிறது பிரசங்கம் ஆகுமா?" அதில் வஞ்சகம் இல்லை. ஃபாதருக்கும் அது தெரியும். தொலைபேசியில் நீளமாக ஏதோ எழுதினார், பின் அழித்தார், கடைசியில் ஒரு வரியை ஆயரிடம் காட்டினார். ஆயர் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்பட்டதால் நான் வாசித்துச் சொன்னேன். "எனக்கு ஒரு வருசம் குடுங்க."

ஆயர் தொலைபேசியை ஃபாதரின் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "பூசை மக்களோட சேந்து செய்றது, ஃபாதர். அவங்களுக்குக் கேக்கணும். அடுத்த வருசம் மாதா திருநாளுக்கு வருவேன். நீங்க பூசை சொல்லுங்க. நான் மக்களோட வாங்குல உக்காந்து கேக்குறேன்" என்றார்.

குரல்வளை இல்லாமலும் பேச ஒரு வழி இருக்கிறது. காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உணவுக்குழாய்க்குள் விழுங்கி, அதை மேலே தள்ளி, உதட்டாலும் நாக்காலும் எழுத்தாக்க வேண்டும். ஏப்பத்தைச் சொல்லாக்குவது என்று சொல்லலாம். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்மணி அதன் முறையை அவருக்குக் காட்டியிருந்தார். ஆனால் பயிற்சிச் சொற்கள் எல்லாம் சிங்களத்தில். தமிழில் எந்த எழுத்து எளிது, எது கடினம் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அதனால் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டபின் ஃபாதர் என் வகுப்புக்கு வந்து, முதலாம் வகுப்புப் பிள்ளையின் சின்ன வாங்கில் முழங்கால்கள் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். கரும்பலகையில் நான் அன்று எழுதிய எழுத்துகளைக் காட்டி, தொடங்குங்கள் என்பதுபோல் தலையசைத்தார்.

வாரக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. காற்றை விழுங்குவார், வயிறு உப்பும், முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும். வேண்டாத நேரத்தில் ஏப்பம் வரும், வேண்டும்போது வராது. ஒருநாள் சுண்ணக்கட்டிப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் கதவு திறக்குமுன் வந்து நின்று, உடைந்த துண்டுகளைத் தானே பொறுக்கினார். உதட்டை மூடித் திறக்கும் எழுத்துகளில் காற்றுத் தானாக உள்ளே போகிறது என்று நாங்கள் மெல்லக் கண்டுகொண்டோம். பகரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு பின்னேரம், மழை விட்டு யன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. அவர் உதட்டை இறுக்கினார், விழுங்கினார், வாயைத் திறந்தார். ஆழத்திலிருந்து, கரடுமுரடாக, ஆனால் தெளிவாக ஒரு சொல் வந்தது.

"அப்பா."

செத்துப்போன தன் அப்பாவை நினைக்கிறார் என்று நான் நினைத்தேன். மீண்டும் சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது கண்கள் கலங்கின. பிறகு தொலைபேசியை எடுத்து எழுதிக் காட்டினார். ஆண்டவர் கெத்சமனித் தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து வேண்டியபோது தந்தையைக் கூப்பிட்ட சொல் அதுதானாம். ஆண்டவருடைய தாய்மொழியான அரமேயத்தில் சின்னப் பிள்ளைகள் கூப்பிடும் சொல். "இத்தன வருசம் நீட்டி முழக்கிச் செபம் பண்ணேன். இப்ப இந்த ஒண்ணுதான் இருக்கு. இது போதும் தொடங்க."

பகரமும் ககரமும் டகரமும் வந்தன. மூக்கால் சொல்ல வேண்டிய எழுத்துகள்தான் எங்களை அழவைத்தன. மகரம் வாய்க்குள்ளேயே பகரமாகிவிடும். மாதா பாதாவானார். அம்மா என்றால் அப்பா என்றே கேட்டது. செபத்தின் முடிவில் வரும் ஆமென், ஆபெ என்று தொடங்கிக் காற்றில்லாமல் நின்றுவிடும். ஒரு விழுங்கலுக்கு நாலைந்து எழுத்துத்தான் தாங்கும். அதனால் வாக்கியங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொண்டோம். பூசைச் செபங்கள் அனைத்தையும் அப்படி வெட்டினோம். எங்கே வெட்டினால் பொருள் கெடாது என்று அவர் ஒவ்வொரு வரியிலும் தகராறு பண்ணுவார். இருபது வருடமாக ஒரே மூச்சில் சொல்லி வந்த செபங்களை இப்போதுதான் முதல்முறை வாசிப்பதுபோல் இருக்கிறது என்று எழுதினார்.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவரிடம் பயம் இருக்கவில்லை. பின்னேரங்களில் யன்னலோரம் நின்று பார்த்துவிட்டு, சில நாட்களில் வகுப்பு முழுவதும் காற்றை விழுங்கி ஏப்பத்தில் பேசப் பழகியிருந்தது. வரவு கூப்பிட்டால் "வந்தேன் டீச்சர்" என்று தவளைக் குரலில் பதில் வந்தது. அதிபர் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார். நான் கூச்சத்தோடு ஃபாதரிடம் சொன்னதும் தோள்கள் குலுங்க அவர் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமானது. மறுநாள் பிள்ளைகளை வரச்சொல்லி, அவர்களுக்கு எது எளிதாக வருகிறது என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஒன்றிரண்டு உதவியும் செய்தன.

மகரம் ஓரளவு பிடிபட்ட அன்று தன் தாயாருக்குத் தொலைபேசி எடுத்தார். ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் எடுப்பார்; அம்மா பேசுவார், இவர் ஆமாம் என்பதற்கு நகத்தால் ஒருமுறை தட்டுவார். அன்று நான் பக்கத்தில் இருந்தேன். "அம்மா" என்றார். மகரத்துக்கும் பகரத்துக்கும் நடுவில் ஒன்று வந்தது. "யாரு பேசுறது? இங்க யாரும் இல்ல" என்று மறுபக்கம் வைத்துவிட்டது. ஃபாதர் மறுபடி எடுத்தார். "அம்மா. நாந்தான்." பிறகு அந்தத் தாயின் குரல் மெதுவாக வந்தது. "என்னா தம்பி, சளி புடிச்சிருக்கா? சுடுதண்ணி குடி." ஃபாதர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே வெளியே போய்த் தேயிலை ஓரத்தில் நின்றுகொண்டார். நான் பின்னால் போகவில்லை.

திருநாளுக்குச் சில வாரங்களுக்கு முன், வார நாள் பூசைகளை அவர் சொந்த வாயால் சொல்லத் தொடங்கினார். வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். கிளாக்கரையா ஒருநாள் வந்தார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வழக்கமான முதல் வாங்கை விட்டுக் கடைசி வாங்குக்குப் போய்விட்டார். வாசலில் வைத்து என்னிடம் சொன்னார். "ஏப்பம் விடுற மாதிரி இருக்கு டீச்சர். நற்கருணைக்கு முன்னுக்கு அந்தச் சத்தம் மரியாதையா? எனக்கு மனசு ஒப்பல." அதை அப்படியே ஃபாதரிடம் சொன்னேன். அவர் யோசித்தார். இப்போது எழுதிக் காட்டவில்லை, துண்டு துண்டாகப் பேசினார். "அவரு சொல்றது. பொய் இல்ல. ஏப்பந்தான். அந்தக் காத்தும். ஆண்டவர் குடுத்ததுதான்." மறுபடி காற்றை விழுங்கி, "அவருக்கு. அது புடிக்கணும்னு. அவசியமில்ல. கேட்டாப் போதும்" என்றார்.

திருநாளன்று விடியும்போதே மழை. ஆயர் வந்தார். சொன்னபடி பீடத்துக்குப் போகாமல் இரண்டாவது வாங்கில் மக்களோடு உட்கார்ந்தார். எங்கள் கோயிலுக்குத் தகரக் கூரை. தொடக்கச் செபம்வரை மைக்கில் ஃபாதரின் குரல் கேட்டது. வாசகங்கள் முடிந்து அவர் பிரசங்கத்துக்கு எழுந்தபோது மழை கொட்டத் தொடங்கியது. தகரத்தில் கற்களைக் கொட்டியதுபோல் இரைச்சல். மைக் மழையைத்தான் பிடித்துப் பெரிதாக்கியது. அவர் உதடு அசைவது தெரிந்தது. நாலாவது வாங்கில் இருந்த எனக்கு, சொற்களை வெட்டிக் கொடுத்த எனக்கே, ஒன்றும் கேட்கவில்லை. ஆயர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துப் பார்த்தார். பின் தலையைக் குனிந்துகொண்டார். பின்வாங்குகளில் முணுமுணுப்பு எழுந்தது. அந்த ஒரு வருடமும் இந்த மழையில் போய்விடும் என்று நினைத்தேன்.

ஃபாதர் நிறுத்தினார். கூரையை நிமிர்ந்து பார்த்தார். மழை விடுவதாக இல்லை. மைக்கை அணைத்து ஓரமாக வைத்தார். பீடத்தின் விளிம்புக்கு வந்து இரண்டு கைகளையும் எங்களை நோக்கி நீட்டி, தன் பக்கம் இழுத்தார். எங்களுக்கு விளங்கவில்லை. மறுபடி இழுத்தார். வாய் "வாங்க" என்று அசைந்தது. முதலில் எழுந்தவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள். ஓடிப்போய்ப் பீடத்தின் படிகளில் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பிடிக்கத் தாய்மார் போனார்கள். பிறகு வாங்குகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. ஆயர் எழுந்து, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு நடுவே போய் நின்றார். கோயில் முழுவதும் பீடத்தைச் சுற்றி ஒரு கும்பலாக நின்றது. கடைசி வாங்கில் கிளாக்கரையா ஒருவர்தான். ஃபாதர் காத்திருந்தார். அவர் முகத்தில் கோபமோ கெஞ்சலோ இல்லை. நீங்கள் வரும்வரை தொடங்கமாட்டேன் என்ற பிடிவாதம் மட்டும் இருந்தது. ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் மழையை மீறி எனக்குக் கேட்டதாக இன்றும் தோன்றுகிறது. அவர் வந்து சேர்ந்ததும் நாங்கள் விலகி முன்னால் இடம்விட்டோம்.

பிறகு ஃபாதர் பேசினார். சின்னப் பிரசங்கம். பேசும்போது வார்த்தை என்றார், காத்து என்றார், கேக்கிற காது என்றார். பூசை தொடர்ந்தது. அப்பத்தைக் கையில் எடுத்து, ஆண்டவர் கடைசி இராவுணவில் சொன்னதைச் சொல்லும் இடம் வந்தது. நாங்கள் வகுப்பறையில் வெட்டிய துண்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு துண்டு, ஒரு விழுங்கல், மழை, அடுத்த துண்டு. அந்த இடைவெளிகளில் நாங்கள் எல்லோரும் அவரோடு சேர்ந்து காற்றை விழுங்கினோம். எத்தனையோ வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காதில் தங்காமல் போன அந்தச் சொற்களை, அடுத்தது வருமா வராதா என்று ஏங்கி, வந்ததும் பிடித்து வைத்துக்கொண்டோம். கடைசியில் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திப் பிடித்து முடிவுச் செபத்தைச் சொன்னார். அதற்குப் பதிலாக ஆமென் சொல்வது மக்களின் பங்கு. அவருக்குச் சரியாக வராத அந்த ஒரு சொல்லை நாங்கள் சொன்னோம். மழையே ஒரு கணம் பின்வாங்கியதுபோல் அவ்வளவு சத்தமாகச் சொன்னோம். கிளாக்கரையாவின் குரலும் அதில் இருந்தது.

மிஷன் வீட்டில் ஆயர் பிளேன் டீ குடித்தபடி சொன்னார். "ரெண்டாவது வாங்குல எனக்கு ஒண்ணும் கேக்கல, ஃபாதர். பக்கத்தில வந்தப்போ எல்லாம் கேட்டுச்சு." கோப்பையைக் கீழே வைத்தார். "இங்கயே இருங்க." ஃபாதர் தொலைபேசியைத் தேடவில்லை. "சரிங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளாக்கரையா முதல் வாங்கில் இருந்தார். போகும்போது என்னிடம், "சத்தம் இன்னும் புடிக்கலதான் டீச்சர். ஆனா முன்னுக்கு இருந்தா வெளங்குது" என்றார். மெல்ல மெல்ல எல்லோரும் அப்படியே முன்வாங்குகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதன்பின் ஃபாதர் எங்களோடு பல வருடம் இருந்தார். கலியாணம் கட்டிவைத்தார், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், சாகக் கிடந்தவர்களின் காதோரம் குனிந்து செபித்தார். துரையோடு மறுபடியும் சண்டை பிடித்தார். துரை நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கிட்டவந்து கேட்க வேண்டியதாயிற்று. கடைசியில், எல்லாக் குருக்களுக்கும் வருவதுபோல அவருக்கும் மாற்றல் வந்தது. உடம்புக்காக இல்லை, குரலுக்காக இல்லை. காலம் முடிந்தது, அவ்வளவுதான். வட்டவளைக்குக் கீழே ஒரு பங்கு. பிரியாவிடைப் பூசையில் அவர் நிறுத்தி நிறுத்திப் பேசிய பிரசங்கம் முடிவில்லாமல் நீண்டது. பிள்ளைகள் நெளிந்தார்கள். கிளாக்கரையா வெளிப்படையாகவே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஃபாதர் அதைக் கண்டார். தோள்கள் குலுங்கின. பிறகு இன்னும் கொஞ்சம் பேசினார்.

இப்போது வந்திருக்கும் ஃபாதர் இளைஞர். மணிபோன்ற குரல். புது ஒலிபெருக்கிகள் நாலு மூலையிலும் இருக்கின்றன. வாசலுக்கு வெளியே நின்றாலும் ஒவ்வொரு எழுத்தும் கேட்கும். வந்த முதல் ஞாயிறு, பூசையைத் தொடங்குமுன் எங்களை ஒருமுறை பார்த்தார். கோயிலின் பின்பாதியைப் பார்த்தார்.

"பின்னுக்கு இவ்வளவு எடம் சும்மா கெடக்கே. ஏன் எல்லாரும் இப்பிடி முன்னுக்கு நெருக்கிக்கிட்டு இருக்கீங்க?"

அந்நேரம் பிந்தி வந்த ஒருத்தி, கைக்குழந்தையோடு நடுவழியே வேகமாக நடந்து வந்தாள். காலியாகக் கிடந்த வாங்குகளை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. கிளாக்கரையா ஊன்றுகோலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்தார். நாங்களும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நகர்ந்து, முதல் வாங்கில் அவளுக்கு இடம் கொடுத்தோம்.